பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் என் வலது கால்

தோலைத் தொட்டுத் தரம் பிரிப்பதே 31 வருஷம் என் ஜீவனமாக இருந்தது. பதனிட்டு உலர்ந்து வந்த ஆட்டுத்தோலைச் சன்னல் வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, உண்ணி கடித்த தழும்பு எது, முள்வேலி கிழித்த கீறல் எது, பதத்தில் நேர்ந்த பழுது எது என்று கண் தீர்மானிப்பதற்கு ஒரு கணம் முன்னதாகவே கட்டைவிரல் தீர்மானித்துவிடும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை அண்டிய இந்தப் பிரதேசத்தில் 'செலக்‌ஷன்' மேஜையில் நின்ற எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். ஸ்பரிசம் என்பது எத்தகைய செல்வம் என்று விரல் நுனியில் அறிந்திருந்த எனக்கு, அந்தச் செல்வம் பாதங்களை விட்டுச் சிறிது சிறிதாக வெளியேறிக்கொண்டிருந்தது ஏறக்குறைய மூன்று வருஷ காலம் தெரியாமலே போயிற்று என்பதை எண்ணும்போது இன்றும் மனம் துணுக்குறுகிறது.

சர்க்கரை வியாதி எனக்கு வந்து 16 வருஷமாகிறது. முதலில் இரவு நேரங்களில் உள்ளங்கால்கள் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் எரிந்தன. போர்வை பட்டாலும் பொறுக்கவில்லை. பிறகு ஒரு காலத்தில் அந்த எரிச்சல் தானாகவே தணிந்தது. தணிந்ததைக் குணம் என்று எடுத்துக்கொண்டு, தொல்லை தீர்ந்ததென்று நான் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தேன். எரிச்சல் நின்றதற்குக் காரணம் நரம்பு சொஸ்தமானதன்று, எரிச்சலைக்கூடச் சொல்ல முடியாத அளவுக்கு அது சோர்ந்துபோனதே என்பது பின்னால்தான் விளங்கிற்று. ஒரு நாள் மாலை பஜாரில் நடந்து போய்க்கொண்டிருந்தபோது ஒரு சிறுவன் பின்னாலிருந்து ஓடிவந்து, "தாத்தா, செருப்ப வுட்டுட்டுப் போறீங்களே!" என்று என் இடக்கால் செருப்பைக் கையில் கொடுத்தான். வெறுங்காலுடன் எத்தனை தூரம் வந்திருந்தேன் என்பது எனக்குத் தெரியவில்லை. அதையும் ஞாபக மறதி என்று நினைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.

மூன்றாவதாக நடந்த சம்பவத்தை மறதி என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்திற்காக மனைவியை அழைத்துக்கொண்டு ஆம்பூரிலிருந்து வேலூருக்கு நானே கார் ஓட்டிச் சென்றேன். மாதனூர் தாண்டி, பள்ளிகொண்டா சுங்கச்சாவடியை நெருங்கும்போது முன்னால் வரிசை நின்றது. வழக்கம்போல் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பிரேக்கில் வைத்தேன். வைத்ததாகவே முழு மனத்துடன் நம்பினேன். வண்டி வேகம் குறைவதற்குப் பதிலாக உறுமிக்கொண்டு முன்னே பாய்ந்தது. குனிந்து பார்த்தேன். ஷூவின் ஓரம் பிரேக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. அடிப்பாகம் முழுவதும் ஆக்ஸிலேட்டரின் மேலேயே அழுந்தியிருந்தது. இடக்காலால் கிளட்சை மிதித்து, கைப்பிரேக்கை இழுத்து, முன்னால் நின்ற லாரிக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டியை நிறுத்தினேன்.

"என்னங்க ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. ஷூ வழுக்கிடிச்சு."

அந்தப் பொய்யோடுதான் மறு வாரம் டாக்டரிடம் போனேன். அந்த அம்மையார் என்னைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றை, அது வளைகிற வரையில், பாதத்தின் ஒவ்வோரிடமாக அழுத்தி, பட்டபோதெல்லாம் 'ஆம்' என்று சொல்லச் சொன்னார். அந்த இழை வளைவதற்கு 10 கிராம் அழுத்தம் வேண்டும். அதை உணராத பாதம், தன்னைக் காத்துக்கொள்ளும் உணர்ச்சியை இழந்த பாதம் என்பது வைத்தியர்களின் கணக்கு. நான் சொன்ன 'ஆம்'கள் மிகச் சில. அதிரும் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்தபோது ஏதோ உலோகம் இருக்கிறதென்று தெரிந்ததே தவிர, அதிர்வு தெரியவில்லை. பிறகு என் பாதத்தைத் தம் உள்ளங்கையில் வைத்து, பலங்கொண்ட மட்டும் அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். "நல்ல பலம் இருக்கு சார்" என்றவர், சற்று நேரம் கழித்து, "இங்க எப்படி வந்தீங்க?" என்று கேட்டார். "கார்ல. நான்தான் ஓட்டிக்கிட்டு வந்தேன்." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பலம் இருக்கு, உணர்ச்சி இல்ல. வண்டி ஓட்டறதுக்கு ரெண்டும் வேணும் சார்."

இந்த வாக்கியத்தைச் சுமந்துகொண்டு வீடு வந்தவன், முதல் காரியமாக டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது கையெழுத்திட்ட படிவம் 1-இன் நகலைத் தேடி எடுத்தேன். வலிப்போ மயக்கமோ தலைசுற்றலோ வருவதுண்டா, 25 மீட்டர் தூரத்தில் உள்ள நம்பர் பிளேட் தெரிகிறதா, கையோ காலோ இழந்ததுண்டா, கை கால்களின் தசை பலத்தில் குறையுண்டா, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடிகிறதா, மாலைக்கண் உண்டா, ஹாரன் சத்தம் கேட்கிறதா என்று அது ஒவ்வொன்றாகக் கேட்கிறது. கண்ணைக் கேட்கிறது, காதைக் கேட்கிறது, தசையைக் கேட்கிறது; பாதத்தின் தோலுக்கு உணர்ச்சியுண்டா என்று தனியாக ஒரு கேள்வி இல்லை. பொதுமக்களுக்கு அபாயம் விளைவிக்கக்கூடிய வேறு வியாதி ஏதேனும் உண்டா என்ற கடைசிக் கேள்வியில் அதுவும் அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் தனக்கு அப்படியொரு குறை இருப்பதையே அறியாதவன் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்றுதான் எழுதுவான், நானும் எழுதினேன். பிரிட்டனில் பாத நரம்புத் தளர்ச்சி உள்ளவர் அதை லைசென்ஸ் வழங்கும் அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற விதி இருக்கிறது. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இங்கே மருத்துவர் கையெழுத்திடும் படிவம் 1ஏ இருக்கிறதே, அந்த ஒரு நிமிஷத்தில் அந்த நைலான் இழை ஒரு முறை பாதத்தில் பட்டால் போதும் என்பது என் தாழ்மையான, ஆனால் உறுதியான அபிப்பிராயம்.

பலம் வேறு, உணர்ச்சி வேறு என்ற இந்தப் பேதத்தை உலக வைத்தியத்துக்குக் கற்றுக்கொடுத்ததில் நம் வேலூருக்குப் பெரும் பங்கு உண்டு. அதை நம்மில் பலர் மறந்திருக்கிறோம். 1914-இல் கொல்லிமலையில் மிஷனரித் தம்பதிகளுக்குப் பிறந்த பால் பிராண்ட் என்ற சஸ்திர வைத்தியர் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் விடுதிக்குத் தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துச் சென்றபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையில் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். செயலற்ற கை என்று எண்ணிக் கொடுத்தவர், அந்தப் பிடியின் வலி தாங்காமல் திகைத்தார். தசையில் பலம் இருந்தது. தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அந்த மனிதருக்குத் தெரியவில்லை, அவ்வளவே. பிறகு ஒரு சந்தர்ப்பத்தில், துருவேறிய பூட்டு ஒன்றைப் பெரியவர்கள் திறக்கமாட்டாமல் நிற்க, ஒரு நோயாளிச் சிறுவன் வந்து சாவியை வெறும் விரலால் திருப்பித் திறந்துவிட்டான். அவன் விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்து ரத்தம் சொட்டியதை அவன் அறியவில்லை. தொழுநோயாளியின் விரல்களையும் பாதங்களையும் அழிப்பது வியாதி நேரடியாகச் செய்யும் வேலையன்று, வலியில்லாமையே என்ற முடிவுக்கு பிராண்ட் வந்தது இப்படிப்பட்ட தரிசனங்களால்தான்.

வேலூரிலும், 1955-இல் ஆரம்பித்த கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையத்திலும் அவரும் அவருடைய சகாக்களும் நடைமுறைப்படுத்தியது மிக எளிய ஒரு சித்தாந்தம்: தோல் சொல்லாததைக் கண் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாலையும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார். சிவந்த இடத்தைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று கவனி. செருப்புக்குள் கையை விட்டு ஆணியோ கல்லோ உண்டா என்று துழாவு. சிறு குமிழ்கள் நிறைந்த எம்.சி.ஆர். ரப்பரில் அடிப்பாகம் வைத்த செருப்பு, உணர்ச்சியற்ற பாதத்துக்கான பாதரட்சையாகப் பரவியதும் அந்தக் காலத்தில்தான். செருப்புத் தொழிலில் ஆயுளைக் கழித்த எனக்கு அதை நினைக்கப் பெருமையாக இருக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு இன்று வைத்தியர்கள் கொடுக்கும் பாத போதனை, அன்று தொழுநோயாளிக்காகக் கண்டறிந்த போதனையின் வாரிசேயாகும்.

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபின் செய்த ஒரு பரீட்சையை, கார் ஓட்டும் என்னைப் போன்றவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். வலியில்லாதவர்களுக்குச் செயற்கையாக ஒரு வலியை உண்டாக்கிக் கொடுத்தால் என்ன என்று அவர் முயன்றார். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை அளக்கும் கருவிகளைப் பொருத்தி, அளவு மீறினால் காதில் ஒலி எழும்படி செய்தார். நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. விளக்கு எரியும்படி செய்தார், அதுவும் பயன்படவில்லை. கடைசியில் உணர்ச்சியுள்ள அக்குளில் மின்சார அதிர்ச்சி கொடுக்கும்படி அமைத்தார். அபாயமான வேலையைச் செய்ய வேண்டியபோது அவர்கள் கருவியை அணைத்துவிட்டு வேலையைச் செய்து முடித்து, மறுபடியும் போட்டுக்கொண்டார்கள். அணைக்க முடிகிற எச்சரிக்கை எச்சரிக்கையாகாது என்று கண்டு அந்த முயற்சியை அவர் கைவிட்டார். பள்ளிகொண்டாவில் 'ஷூ வழுக்கிடிச்சு' என்று நான் சொன்னதும் அவர்கள் செய்த அதே காரியந்தான்.

அப்படியானால் கரிகிரியின் போதனையை, காலுக்குப் பதிலாகக் கண்ணை நியமிக்கும் அந்த உபாயத்தை, ஸ்டீயரிங் முன்னாலும் கடைப்பிடித்தால் போதாதா? பல நாள் இதையே யோசித்தேன். போதாது என்பதே நான் கண்ட முடிவு. நடக்கும்போது கண்ணுக்கு வேறு பெரிய வேலை கிடையாது. பாதையையும் பாதத்தையும் அது மாறி மாறிப் பார்த்துக்கொள்ளலாம். கார் ஓட்டுபவனின் கண் முழுமையாகச் சாலைக்குச் சொந்தம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் நகர்கிறது. பிரேக் எங்கே என்று அரை விநாடி குனிந்தால் 11 மீட்டர், ஏறக்குறைய ஒரு பஸ்ஸின் நீளம், யாரும் பார்க்காத தூரமாகக் கழிந்துவிடுகிறது. அந்த 11 மீட்டருக்குள் ஷிப்ட் முடிந்து கம்பெனி வாசலிலிருந்து சாலையைக் கடக்கும் பெண்கள் இருக்கலாம். ஆம்பூரில் மாலை வேளையில் வண்டி ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மான்செஸ்டரில் ஓட்டுதல் சிமுலேட்டரில் சர்க்கரைப் பாத நரம்புத் தளர்ச்சி உள்ளவர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. ஆக்ஸிலேட்டரைக் கையாளுவதில் அவர்கள் மற்றவர்களிலிருந்து வேறுபட்டனர். பழகப் பழகத் தேறவும் செய்தனர். அந்தத் தேறுதல் எனக்கு ஆறுதலாக இருந்தது. உணர்ச்சி முற்றிலும் போகாதவர், வைத்தியரின் சம்மதத்தோடு, பயிற்சியினால் ஓரளவு ஈடுகட்டலாம் என்பதற்கு அது ஆதாரம். ஆனால் தமக்கு எந்த அளவுக்கு உணர்ச்சி இருக்கிறது என்பதை நேர்மையாக அளந்துகொண்ட பிறகே அந்தப் பேச்சுக்கு இடமுண்டு.

அதற்கு நான் வீட்டில் செய்துகொண்ட பரீட்சையைச் சொல்கிறேன். வண்டியை வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் 'பிரேக்' என்றோ 'ஆக்ஸிலேட்டர்' என்றோ மனம்போல் சொல்ல, நான் காலை வைக்க, சரியா தவறா என்று அவள் குனிந்து பார்த்துச் சொன்னாள். பத்தில் நான்கு தடவை தவறினேன். அந்த நான்கில் மூன்று தடவை, சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறேன் என்று அவளோடு வாதாடினேன்.

நண்பர்கள் உடனே சொன்ன பரிகாரம் ஆட்டோமேட்டிக் கார். இடக்காலுக்கு வேலையில்லாமல் போவது ஒரு சௌகரியந்தான். ஆனால் கோளாறு கிளட்சில் இல்லை. எந்தக் கால் தவறுகிறதோ அந்த வலது காலிடமே இரண்டு பெடல்களையும் ஒப்படைத்துவிட்டு, தவறு நேர்ந்த அன்று என்னைக் காப்பாற்றிய கிளட்சையும் எடுத்துவிடுகிறது அந்த வண்டி. கியர் வண்டியில் கிளட்சை மிதித்தால் எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் சக்கரத்துக்குச் சக்தி போகாது. ஆட்டோமேட்டிக்கில் அப்படி ஒரு தடை காலுக்கு எட்டும் இடத்தில் இல்லை. ஆகவே பாத உணர்ச்சி குன்றியவர் எவரும், இன்னொருவர் சொன்னார் என்பதற்காக மட்டும் அதை வாங்கிவிட வேண்டாம்.

ஷூ விஷயத்தில் என்னோடு வேலை பார்த்த, ஷூவை அச்சில் ஏற்றும் லாஸ்டிங் பகுதி பாய் ஒருவர் சொன்னதே சரியென்று படுகிறது. "நடக்கறதுக்கு மெத்துன்னு இருக்கணும் சார், ஓட்டறதுக்கு மெத்துன்னு இருக்கக் கூடாது" என்றார். தடித்த மெத்தை சோல், மிச்சமிருக்கும் கொஞ்ச உணர்ச்சியையும் விழுங்கிவிடுகிறது. அகன்ற சோல் இரண்டு பெடல்களுக்கும் நடுவே பாலம் போடுகிறது. பின்பட்டை இல்லாத செருப்பு கழன்று பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கும். ஓட்டுவதற்கென்று மெல்லிய, உறுதியான சோல் வைத்த, காலை விட்டுக் கழலாத ஷூ ஒன்று தனியாக வேண்டும். இறங்கியதும் அதைக் கழற்றிவிட்டு நடைக்கான பாதரட்சையை மாட்டிக்கொள்ள வேண்டும். வெறுங்காலோடு ஓட்டினால் நன்றாகத் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். உணர்ச்சியற்ற வெறுங்கால் பெடலில் உராய்ந்து புண்ணாவதை யார் அறிவார்?

புண் என்றதும் குதிகாலைச் சொல்லாமல் விட முடியாது. ஓட்டுபவரின் வலது குதிகால் மணிக்கணக்காக ஒரே இடத்தில் ஊன்றியபடி சுழன்றுகொண்டிருக்கிறது. உணர்ச்சியுள்ளவர் தம்மை அறியாமலே இடத்தை மாற்றி வைப்பார். நமக்கு அந்த அறிவிப்பு வராது. சிறிய அழுத்தமே ஆனாலும் அதே இடத்தில் ஆயிரம் தடவை விழுந்தால் சதை அழிகிறது என்பதும் பிராண்ட் வற்புறுத்திச் சொன்ன பாடந்தான். சூடும் அப்படியே. எஞ்சின் மூடி இடப்பக்கத்தில் அமைந்த பழைய லாரிகளில் ஓட்டுநரின் இடக்கால் பக்கம் தகிக்கும். மோட்டார் சைக்கிளின் சைலன்சரில் கெண்டைக்கால் பட்டால் உணர்ச்சியுள்ளவர் துள்ளி எடுப்பார், இல்லாதவர் வீட்டுக்கு வந்து கொப்புளத்தைப் பார்ப்பார். தோல் பாரம் ஏற்றிச் சென்னைத் துறைமுகத்துக்கும் கான்பூருக்கும் போன ஓட்டுநர்கள் பலரை அறிவேன். அவர்களில் சர்க்கரை இல்லாதவர்கள் குறைவு. தினம் ஒரு தடவை, இறங்கிய இடத்தில், பாதத்தைத் திருப்பிப் பாருங்கள் என்று அவர்களிடம் சொல்ல ஆளில்லை.

ஷூ கம்பெனிகளில் பசை பூசும் பகுதியில் இருக்கும் இளைய சகோதரிகளுக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. நரம்பைக் கெடுப்பது சர்க்கரை மட்டுமன்று. 1960-களில் ஜப்பானில் செருப்புச் செய்யும் தொழிலாளர்கள் பலருக்குக் கால் மரத்து, நடை தளர்ந்துபோயிற்று. பசையில் கலந்திருந்த ஹெக்சேன் என்ற கரைப்பானின் ஆவியே காரணம் என்று கண்டறிந்தார்கள். பசை டப்பாவை மூடி வையுங்கள், ஆவி இழுக்கும் விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள், கால் மரத்தால் சூப்பர்வைசரிடம் சொல்லத் தயங்காதீர்கள். சர்க்கரைக்காகப் பல வருஷம் மெட்பார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பி12 சத்தின் அளவைப் பார்த்துக்கொள்வதும் நல்லது. அந்தக் குறையினாலும் நரம்பு தளரும், அதை ஈடுகட்ட மருந்து உண்டு.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அந்தப் பரீட்சைக்குப் பின் காலால் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். சர்க்கரையினால் வரும் தளர்ச்சி நீளமான நரம்புகளிலிருந்து தொடங்குவதால் பாதம் முந்திக்கொள்கிறது. கை வெகு காலம் பிந்தியே பாதிக்கப்படும். என் கைகளில் அந்த இழை பட்ட ஒவ்வோரிடத்திலும் நான் 'ஆம்' என்றேன். ஆகவே பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் கைக்குக் கொண்டுவரும் நெம்புகோல் அமைப்பைப் பொருத்த ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். இதைத் தெருமுனை மெக்கானிக்கிடம் சொல்லிப் பொருத்திக்கொண்டு ஓட்டிவிடலாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி மாற்றத்துக்கு அனுமதி பெற்று, ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்து, அந்த வகை வண்டிக்கே லைசென்ஸும் பெற வேண்டும். தாமதமாகும், ஆகட்டும். 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போன டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்குச் சஸ்திர சிகிச்சை செய்து, 1966-இல் பாகாயத்தில் ஒரு மறுவாழ்வு நிலையம் எழக் காரணமாக இருந்த ஊர் வேலூர். காலின் வேலையைக் கையிடம் ஒப்படைப்பதை நம் பக்கத்தில் யாரும் அதிசயமாக நினைக்க வேண்டியதில்லை.

அதுவரை வேலூருக்குப் பஸ்ஸில்தான் போய் வருகிறேன். போன வாரம் பஸ் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் நின்றபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் அன்று நடந்ததை முழுவதும் சொன்னேன். ஷூ வழுக்கவில்லை என்றும் சொன்னேன். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். "ஷூ வழுக்கியிருந்தா நீங்க கால மாத்தி வச்சிருப்பீங்க. நீங்க குனிஞ்சு பாத்தீங்களே."